தகுதி பெற்ற மரமேறி நான்தான்

என் பர்ஸில் ஒரு பிளாஸ்டிக் அட்டை இருக்கிறது. என் போட்டோவுக்குக் கீழே ஆங்கிலத்தில் அச்சடித்திருப்பதைத் தமிழில் சொன்னால், ‘உயரத்தில் மரவேலை செய்யத் தகுதி பெற்றவர்.’ எனக்கு வயது ஐம்பத்து மூன்று. பரணிலிருந்து இட்லிக் கொப்பரையை எடுக்க நான் ஸ்டூலில் ஏறினால், என் மனைவி ஒரு கையால் ஸ்டூலையும் இன்னொரு கையால் என் வேட்டியையும் பிடித்துக்கொள்வாள். ஆள் விழுந்தாலும் மானம் விழக் கூடாது என்பது அவள் ஏற்பாடு.

அந்த அட்டையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. அதைக் கொடுத்தவர்கள் மேல் முக்கால் பங்கு. வாங்கிக்கொண்டவன் மேல் மீதி.

உண்மையில் மரம் ஏறுகிறவன் என் மனைவியின் தம்பி. கன்னியாகுமரிப் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்காகத் திருவனந்தபுரம் வந்தவன். ஒரு வீட்டு வேலையில் தளம் போட இடைஞ்சலாக நின்ற பலாமரத்தை யார் ஏறிக் கிளை கழிப்பது என்று மேஸ்திரி கேட்டபோது இவன் ஏறினான். ஏறியவன் இன்னும் இறங்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். இருபத்திரண்டு வருஷம் ஆகிறது.

இந்த ஊரில் மரத்தை வெட்டிச் சாய்ப்பது நடக்காத காரியம். சாய்க்க இடம் வேண்டுமே. ஒரு பக்கம் ஓட்டுக்கூரை, ஒரு பக்கம் கரண்டுக் கம்பி, மூன்றாவது பக்கம் அடுத்த வீட்டுக்காரர் நேற்று வாங்கிய கார். அதனால் உச்சிவரை ஏறி, ஒவ்வொரு துண்டாகக் கயிற்றில் கட்டி, அறுத்து, இறக்க வேண்டும். கயிற்றின் மறுமுனையைப் பக்கத்து மரத்தூரில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு ஒரு ஆள் கொஞ்சம் கொஞ்சமாக விடுவான். அறுத்த கிளை, தொட்டிலில் இருந்து தூக்கிய பிள்ளை மாதிரி அலுங்காமல் வந்து முற்றத்தில் படுக்கும்.

மச்சினனுக்கு ஒரு பழக்கம் உண்டு. வேலைக்கு முந்தின நாள் சாயங்காலம் தனியாகப் போய் மரத்தைச் சுற்றி வருவான். வெட்டுக்கத்தியின் முதுகால் தூரில் தட்டுவான். கை எட்டுகிற கிளைகளிலும் தட்டுவான். பிறகு அண்ணாந்து பார்த்து, “நாளைக்கு வாரோம். மேல இருக்கவங்க எல்லாம் மாறி இருந்துக்கோங்க” என்று சொல்வான். காக்கா, அணில், பாம்பு, கண்ணுக்குத் தெரியாத இன்னும் யார் யாரோ, எல்லோருக்கும் சேர்த்து ஒரே நோட்டீஸ். அதைக் கொடுக்காமல் மறுநாள் கால் வைக்க மாட்டான். முதல் தடவை பார்த்தபோது நான் சிரித்தேன். இரண்டாவது தடவைதான் கவனித்தேன், தட்டும்போது அவன் காது மரத்தின் பக்கம் சாய்ந்திருந்தது. உள்ளே கெட்டியா, பொள்ளலாகிக் கூடாகிவிட்டதா, எந்தக் கிளை ஆளைத் தாங்கும், எது தாங்காது என்பதெல்லாம் அந்தச் சத்தத்தில் அவனுக்குக் கிடைத்துவிடும். ஏறலாமா வேண்டாமா என்று யோசிக்க இடையில் கொஞ்ச நேரமும் கிடைக்கும்.

ஸ்ரீவராகத்தில் எங்களுக்கு வழக்கமாகத் தென்னையும் மாவும் கழிக்கிற வீடு ஒன்று உண்டு. அந்த வீட்டு மாமி போனில் கேட்பது ஒரே கேள்விதான். “ஏறறது ஒங்க மச்சினன்தானே? வேற யாரையாவது ஏத்தினேள்னா கேட்டைத் திறக்க மாட்டேன், கேட்டேளா.” இதைவிடப் பெரிய அங்கீகாரச் சான்றிதழ் மரவெட்டுத் தொழிலில் இருக்க முடியும் என்று அப்போது எங்களுக்குத் தெரியாது.

நான் இந்தத் தொழிலுக்குள் வந்தது காகிதம் வழியாக. கிழக்கேகோட்டையில் ஒரு போட்டோஸ்டாட் கடையில் மலையாளம், தமிழ், இங்கிலீஷ் என்று மூன்று பாஷையிலும் மனு டைப் அடித்துக்கொண்டிருந்தேன். எல்லார் போனும் தானே ஸ்கேன் எடுக்கப் பழகியதும் கடை மூடியது. “அத்தான், சும்மா இருந்தா அக்கா ஒங்கள உப்புப் போட்டு ஊறப்போட்டுருவா. எங்கூட வாங்க. லெட்டர் எழுத ஆள் வேணும்” என்று கூப்பிட்டான். மலையாளத்தில் அவன் கூலி பேசுவான், வேலை பேசுவான், அதற்கு மேல் ஓடாது. எழுத்து என்றால் தமிழ் மட்டும், அதுவும் பஸ் போர்டு அளவுக்கு. ஆக, அவன் மேலே, நான் கீழே. கம்பெனியில் எனக்கு என்ன பதவி என்று கேட்டால், தரையில் நிற்கும் பதவி.

நகரத்தின் ஓரத்தில் கண்ணாடிக் கட்டடங்களாக நிற்கும் ஒரு பெரிய வளாகத்தில், மழைக்காலத்துக்கு முன்னால் மரங்களைக் கழிக்கும் வேலை ஆறு வருஷமாக எங்களுடையது. ஏழாவது வருஷம் ஒரு மெயில் வந்தது. இனிமேல் மரவேலைக்காரர்கள் அங்கீகாரம் பெற்றிருக்க வேண்டும். அதை ஒரு தனியார் ஏஜென்சி வந்து பரிசோதித்துத் தரும். பாதுகாப்புக் கொள்கை வேண்டும், வேலை முறை அறிக்கை வேண்டும், ஆபத்து மதிப்பீடு வேண்டும், மேலே மாட்டிக்கொண்டவனை இறக்கும் திட்டம் வேண்டும், கயிறுகளுக்கு ஒரு பதிவேடு வேண்டும்.

தப்பில்லை என்றுதான் நினைத்தேன். இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன். மரத்திலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்தவர்களை எனக்குத் தெரியும். ஹெல்மெட் போடு, நல்ல பெல்ட் கட்டு, இன்ஷூரன்ஸ் எடு என்று யாராவது கழுத்தைப் பிடித்துச் சொன்னால் அவர் காலில் விழலாம். மச்சினனே நல்ல பெல்ட்டாகப் பார்த்து வாங்கியிருந்தான். அதனால் கோபம் சட்டத்தின் மேல் வரவில்லை. வேறு இடத்திலிருந்து வந்தது.

நான் ஒரு வெளிநாட்டு மரக் கம்பெனியின் அறிக்கையை இறக்கி, பெயரை மட்டும் மாற்றினேன். பழைய போட்டோஸ்டாட் புத்தி. முழுக்கப் படித்துப் பார்க்கச் சோம்பல். ஆபத்து மதிப்பீட்டில் ‘கிளைகளில் பனி உறைந்திருக்கும்போது வேலையை நிறுத்தவும்’ என்று ஒரு வரி அப்படியே நின்றுவிட்டது. திருவனந்தபுரத்தில் பனி! மதியம் நிழலில் நின்றாலே சட்டை பிழியத் தண்ணீர் வரும் ஊர். பொன்முடி மலைக்குப் போனாலும் மூடுபனிதான் கிடைக்கும், உறைபனிக்கு எங்கே போவது? பரிசோதகர் அந்தப் பக்கத்தைப் படித்து டிக் போட்டார். நானாகச் சேர்த்திருந்தது இரண்டே வரி. ஒன்று, மாமரத்தில் முசுறு எறும்பு கடித்தால் கை விட்டுப்போகும் அபாயம். அதை அடித்தார். “இது ஸ்டாண்டர்டில் இல்லல்லோ” என்றார். இன்னொன்று, முந்தின நாள் தட்டிப் பார்க்கும் பரிசோதனை.

“எதை வெச்சு தட்டும்?”

“வெட்டுக்கத்தி முதுகால, சார்.”

“அந்தக் கத்திக்கு காலிபரேஷன் சர்ட்டிபிக்கேட் உண்டோ?”

அதையும் அடித்தார். பனி நின்றது. எறும்பு போயிற்று. காதும் போயிற்று.

அடுத்தது பயிற்சி. ஒரு ஹோட்டல் ஹாலில் ஏசி போட்டு, திரையில் படம் காட்டி, ஒரு நாள் வகுப்பு. உயரம் என்று எதையும் ஏறவில்லை. முதல் மாடிக்குக்கூட லிஃப்டில்தான் போனோம். கடைசியில் பரீட்சை. தாள் இங்கிலீஷில் இருக்கிறது, மலையாளத்தில் இருக்கிறது. தமிழ் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துக் காட்டுகிறேன் என்று நான் கேட்டேன். கூடாது, அது காப்பியடிப்பது என்றார்கள். வேண்டுமானால் நீங்களும் ஒரு தாள் வாங்கி எழுதலாம் என்றார்கள். வாங்கினேன்.

மச்சினன் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என் பக்கம் குனிந்தான். “அத்தான், இது என்ன கேக்கான்?”

“கயிறு நைஞ்சு போச்சுன்னா என்ன செய்வேன்னு.”

“வெட்டி ஆட்டுக்குக் கெட்டுவேன். இதெல்லாம் ஒரு கேள்வியா?”

ஏ, பி, சி, டி நான்கு விடைகளிலும் ஆடு இல்லை. மேற்பார்வையாளர் எங்களைப் பார்த்துத் தொண்டையைக் கனைத்தார். மச்சினன் பேனாவை மூடி வைத்துவிட்டான். ஐம்பதுக்கு நாற்பத்தெட்டு வாங்கினேன் நான். அவனுக்கு ‘கலந்துகொண்டார்’ என்று ஒரு காகிதம் கொடுத்தார்கள், கல்யாண வீட்டுத் தாம்பூலப் பை மாதிரி.

இதுவரை நடந்தது அவர்களுடைய மடத்தனம். இனி என்னுடையது. வளாகத்துக்கு அனுப்ப வேண்டிய ஃபாரத்தில் ‘மரம் ஏறுபவர்’ என்ற இடத்தில் அட்டை நம்பர் கேட்டிருந்தது. அட்டை என்னிடம்தான் இருந்தது. என் பெயரை எழுதினேன். மச்சினன் பெயரைக் கீழே ‘ஹெல்ப்பர்’ என்ற இடத்தில் எழுதினேன். அதற்குப் பக்கத்தில், ‘மரம் ஏறத் தகுதி உள்ளவரா?’ உண்டு, இல்லை. ‘இல்லை’யில் டிக் போட்டேன். காகிதம் காகிதம், மரம் மரம், மேலே யார் ஏறுகிறார்கள் என்று எவன் பார்க்கப் போகிறான் என்று நினைத்தேன். அவனிடம் சொல்லவில்லை. சொல்லாததிலிருந்தே தெரிகிறது, எனக்கு அது தப்பென்று தெரிந்திருந்தது.

வேலை கிடைத்தது. பஸ்கள் வந்து ஆட்களை இறக்கும் இடத்துக்கு மேலே ஒரு மழைமரம் குடை மாதிரி விரிந்து நின்றது. காற்றில் அதன் பெரிய கிளை ஒன்று விரிசல் விட்டிருந்தது. அதை மட்டும் எடுக்க வேண்டும். முந்தின சாயங்காலம் மச்சினன் போய்த் தட்டிவிட்டு வந்தான். “அந்தக் கொம்பு உள்ள கூடு. அதுமேல கால் வைக்கக் கூடாது. பக்கத்து மரத்துல ஏறி, அங்கேருந்து கயிறு போட்டுத்தான் எடுக்கணும். எடுத்திட்டா மரம் இன்னும் அம்பது வருஷம் நிக்கும்” என்றான்.

காலையில் கேட்டில் செக்யூரிட்டி ஒரு பெட்டியிலிருந்து ஹெல்மெட் எடுத்துக் கொடுத்தான். எனக்கு வெள்ளை. மச்சினனுக்கு மஞ்சள், கூடவே ஒரு மஞ்சள் ஜாக்கெட். முதுகில் பெரிய எழுத்தில் ‘ஹெல்ப்பர்’ என்று இங்கிலீஷில். அவனுக்கு அதை வாசிக்கத் தெரியாது. போட்டுக்கொண்டான். நான் பின்னால் நடந்துபோனேன். அந்த எழுத்து எனக்கு முன்னால் ஆடிக்கொண்டே போயிற்று.

மரத்தடியில் சேஃப்டி ஆபீசர் கையில் டேப்லெட்டோடு நின்றார். முப்பது வயது இருக்கும். மரியாதையான பிள்ளை. மச்சினன் பெல்ட்டை எடுத்ததும் கையைக் காட்டித் தடுத்தார்.

“சேட்டா, ஹெல்ப்பர் ஏறான் பற்றில்ல. கார்டு உள்ள ஆள் ஏறணும்.” திரையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். என் வயிற்றையும் பார்த்தார். “நிங்களாணல்லே?” அந்த ஆள் நீங்கள்தானே என்று கேட்கிறார்.

மச்சினன் என் பக்கம் திரும்பினான். “என்ன சொல்லுதாரு? யாரு ஹெல்ப்பரு?”

“ஒண்ணும் இல்ல. பேப்பர்ல ஒரு சின்ன...”

“யாரு ஹெல்ப்பரு அத்தான்?”

அவனுக்குப் பதில் சொல்வதற்குப் பயந்து நான் செய்த காரியத்தை என் மனைவி இன்றும் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்கிறாள். பெல்ட்டை வாங்கி நான் கட்டிக்கொண்டேன். பக்கத்து மரத்தில் சாற்றிய ஏணியில் ஏறினேன். ஆறாவது படியில் இரண்டு கையாலும் ஏணியைக் கட்டிப்பிடித்து, கன்னத்தையும் அதில் வைத்துக்கொண்டேன். கீழே ஆபீசர் ரெக்கார்டுக்காகப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார். ஏணியை அமுக்கிப் பிடித்துக்கொண்டு மஞ்சள் ஜாக்கெட்டில் நின்றவன், யாருக்கும் கேட்காத குரலில் சொன்னான்.

“எறங்குங்க அத்தான். ஒங்களுக்கு ஒண்ணு ஆயிட்டா அக்காகிட்ட நான் என்ன சொல்ல?”

அவன் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். ஹெல்ப்பர் என்று எழுதினவனின் ஏணியை அவன் அமுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தான். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆறாவது படியில் நின்றபடி, கையை ஆட்ட முடியாமல், கன்னத்தை எடுக்க முடியாமல், மூன்று பாஷையிலும் கத்தினேன்.

“எனக்கு மரம் ஏறத் தெரியாது! ஸ்டூல் ஏறத் தெரியாது! நான் ஐஸ்னு எழுதினேன், நீங்க டிக் போட்டீங்க! எறும்புன்னு எழுதினேன், அடிச்சீங்க! ஏறத் தெரிஞ்சவன் கீழ நிக்கான், அவன் முதுகுல ஹெல்ப்பர்னு ஒட்டி வெச்சிருக்கீங்க!”

பஸ்ஸிலிருந்து இறங்கிய கூட்டம் நின்று பார்த்தது. சிலர் போனை எடுத்தார்கள். ஆபீசர் நான் முடிக்கும்வரை காத்திருந்தார்.

“சேட்டா, இது எழுதித் தரணும்” என்றார்.

இறங்கி எழுதிக் கொடுத்தேன். கையெழுத்து ஃபாரத்தில் இருந்ததுபோல இல்லை. அதற்கும் ஒரு விளக்கம் எழுதி வாங்கினார்கள்.

எங்களைப் பட்டியலிலிருந்து நீக்கினார்கள். அதில் எனக்கு வருத்தம் இருந்தாலும் நியாயமென்று ஒத்துக்கொள்கிறேன். பொய் எழுதியவன் நான். அடுத்து வந்தது அங்கீகாரம் பெற்ற வேறொரு கம்பெனி. எல்லா ஆளுக்கும் அட்டை இருந்தது, ஒரே மாதிரிச் சட்டை இருந்தது, கிரேன் இருந்தது. ஏற ஆள் இல்லை. அதனால் ஏறவில்லை. ஒரு கிளையை எடுக்க வேண்டிய இடத்தில் அடியோடு மரத்தையே எடுத்துவிட்டுப் போனார்கள். மரம் இல்லையென்றால் ஆபத்தும் இல்லை. அறிக்கையில் எல்லாக் கட்டத்திலும் பூஜ்யம் வந்திருக்கும். நான் பஸ்ஸில் அந்த வழியாகப் போனபோது, பஸ்ஸுக்குக் காத்து நின்றவர்கள் வெயிலில் பைகளைத் தலையில் வைத்திருந்தார்கள். வண்டியை நிறுத்தி இறங்கி யாரையாவது அறையலாம் போலிருந்தது. யாரை அறைவது? டிக் போட்டவர் சட்டப்படி செய்தார். அறுத்தவர்கள் சட்டப்படி செய்தார்கள். சட்டப்படி செய்யாதது அந்த இடத்தில் நான் ஒருவன்தான்.

மச்சினன் என்னோடு பேசுவதை நிறுத்தினான். வலியசாலையில் எங்கள் வாடகை வீட்டுக்கு வருவான், அக்காவிடம் பேசுவான், காப்பி குடிப்பான், என் செருப்பைத் தாண்டிப் போவான். ஒரு நாள் வாசலில் நின்று அக்காவிடம் சொன்னது எனக்குக் கேட்டது. “வேல போனா போட்டும் அக்கா. இருபத்திரண்டு வருஷம் ஏறினவன ஏறத் தெரியாதுன்னு எழுதியிருக்காரு. அதுவும் வீட்டு ஆளு.”

என் மனைவி உள்ளே வந்து, “ஒங்க பேனாவுக்கு ஒரு பெல்ட் வாங்கிக் கெட்டிவைங்க. கண்ட எடத்துல ஏறுது” என்றாள்.

அதன்பிறகு எழுதத் தொடங்கினேன். எழுத்தால் கெடுத்ததை வேறு எதனால் சரிசெய்வது? தமிழில் வாய்மொழியாகப் பரீட்சை வையுங்கள் என்று ஏஜென்சிக்குக் கடிதம். பதில் இல்லை. இன்னொன்று. விதியில் இடமில்லை என்று பதில். எந்த விதி, எத்தனையாவது பக்கம் என்று இன்னொன்று. ஹெல்மெட் எதற்கு என்று தெரிந்திருக்க வேண்டுமா, அதை இங்கிலீஷில் தெரிந்திருக்க வேண்டுமா என்று இன்னொன்று. போட்டோஸ்டாட் கடையில் ஊராருக்காக நான் அடித்த மனுக்களில் ஒன்றில்கூட இவ்வளவு காரம் இருந்ததில்லை. மழைக்காலம் முடிந்து ஒரு பதில் வந்தது. வாய்மொழித் தேர்வு வைக்கலாம். ஆனால் மொழிபெயர்க்கிறவர் பொது ஆளாக இருக்கக் கூடாது, தொழில் தெரிந்தவராக, அதே அட்டை வைத்திருப்பவராக இருக்க வேண்டும். அவர்கள் பட்டியலில், இரண்டு பாஷையும் தெரிந்து, அந்த அட்டையும் வைத்திருப்பவர் இந்த ஊரில் ஒருவர்தான்.

வேறு யார்?

அக்கா சொல்லி மச்சினன் தேர்வுக்கு வந்தான். பயிற்சி நடந்த அதே ஹோட்டல் வாசலில், பல மாதங்களுக்குப் பிறகு முதல்முறையாக என் முகத்தைப் பார்த்துப் பேசினான். “நீங்க ஒண்ணும் சேக்கக் கூடாது. ஒண்ணும் கொறைக்கக் கூடாது. நான் சொல்லுதத மட்டும் சொல்லணும்.”

“சரி.”

“சத்தியமா?”

“சத்தியமா.”

தேர்வாளர் ஒரு வயதான மனிதர். கேள்வி கேட்டார், நான் தமிழில் சொன்னேன், அவன் பதில் சொன்னான், நான் மலையாளத்தில் சொன்னேன். பெல்ட், வாள், முதலுதவி எல்லாம் போயிற்று. கயிறு வந்தது.

“வெட்டி ஆட்டுக்குக் கெட்டுவேன்” என்றான் மச்சினன், என்னையே பார்த்துக்கொண்டு.

நாற்பத்தெட்டு மார்க் வாங்கிய நாக்கு ‘பழுதடைந்த கயிற்றை உபயோகத்திலிருந்து நீக்குவேன்’ என்று சொல்லத் துடித்தது. அடக்கிக்கொண்டு ஆட்டையே சொன்னேன்.

தேர்வாளர் பேனாவை நிறுத்தினார். “ஆடோ?”

“ஆடுதான் சார்.”

“முறிச்சிட்டு அல்லே கெட்டுன்னது? முழுசா வெச்சா வேற யாராவது எடுத்து ஏறும்” என்றார், தனக்குள் சொல்வதுபோல. டிக் போட்டார்.

அட்டை தபாலில் வந்தது. அவன் அதை எங்கள் வீட்டுக்கு எடுத்துவந்து என் முன்னால் வைத்தான். “வாசிங்க.”

வாசித்தேன். அவன் பெயர், உயரத்தில் மரவேலை செய்யத் தகுதி பெற்றவர்.

“இன்னொருக்க.”

வாசித்தேன்.

“இனி அந்தப் பேப்பர எடுங்க. என்னப் பத்தி எழுதினீங்கல்லா, அது.”

ஃபைலில் நகல் இருந்தது. இல்லை என்று சொல்லியிருக்கலாம். எடுத்தேன். என் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்து கதவருகில் நின்றாள். நான் அவன் பெயரை வாசித்தேன். ஹெல்ப்பர் என்று வாசித்தேன். மரம் ஏறத் தகுதி உள்ளவரா என்று வாசித்தேன். டிக்கின் மேல் விரலை வைத்து, ‘இல்லை’ என்று வாசித்தேன். என் கையெழுத்தின் கீழிருந்த என் பெயரையும் வாசித்தேன்.

அவன் அந்தத் தாளை வாங்கி, நான் விரல் வைத்த இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். கிழிப்பான் என்று நினைத்தேன். மடித்துத் தன் அட்டையோடு சேர்த்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

“ஸ்ரீவராகத்துல மாமி வீட்டு மாமரம். சாயங்காலம் தட்டிப் பாக்கப் போணும்” என்றான் அக்காவைப் பார்த்து. “அத்தானையும் வரச் சொல்லு. நாளைக்குக் கீழ கயிறு புடிக்க ஒரு ஹெல்ப்பர் வேணும்.”

மஞ்சள் ஜாக்கெட்டை அவன் திருப்பிக் கொடுக்காமல் வைத்திருந்தது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அவன் நீட்டியதைப் போட்டுக்கொண்டேன், என் வயிற்றில் பட்டன் சேரவில்லை. என் அட்டையைத் திரும்ப ஒப்படைக்கிறேன் என்று ஏஜென்சிக்கு எழுதினேன். ஒப்படைக்க ஃபாரம் இல்லை என்று பதில் போட்டார்கள்.